பனிக்கட்டி வெட்டிய குடும்பம்

அமெரிக்காவில் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவரும் பீர் ஆலைகளில் மூத்தது பென்சில்வேனியாவின் யூங்லிங், 1829-இல் தொடங்கியது. அடுத்தது எது என்று கேட்டால் அமெரிக்கர்களிலேயே பலருக்குப் பதில் தெரியாது. மினசோட்டா மாநிலத்தில் நியூ உல்ம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பதினாலாயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். அதன் ஓரத்தில் காட்டன்வுட் என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றை ஒட்டிய மேட்டில், மரங்களுக்கு நடுவே, செங்கல் கட்டடங்களாக நிற்கிறது ஆகஸ்ட் ஷெல் பீர் ஆலை. 1860-இல் தொடங்கியது. அதே இடம், அதே வம்சம்.

நான் சர்க்கரை ஆலை ஒன்றை ஒட்டிய சாராய ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மொலாசஸைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் விட்டு, ஆல்கஹால் எடுப்பதுதான் உத்தியோகம். குடிப்பழக்கம் கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை, போகட்டும். தொட்டியில் நுரை எழும் விதத்தைப் பார்த்தே உள்ளே ஈஸ்ட் எப்படியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மகள் மினியாபொலிஸில் இருக்கிறாள். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் நியூ உல்ம். மகள் வீட்டுக்குப் போகிற அப்பாக்கள் எல்லோரும் பார்க்கிற பெரிய கடைவளாகத்தையும் அருவியையும் பார்த்து முடித்தபின், இந்த ஆலைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். "அப்பாவுக்கு ரிட்டயர் ஆனாலும் தொட்டி பார்க்காம இருக்க முடியாது" என்றாள். உண்மைதான்.

ஆகஸ்ட் ஷெல் 1828-இல் பிறந்தவர். ஊர் டுர்பாஹ், பாடன் நாட்டில், கருங்காடு என்று பெயர் பெற்ற மலைப்பகுதியில் இருக்கிறது. 1848-இல் அவர் கப்பலேறியபோது வயது இருபது. அந்த வருஷம் ஜெர்மானிய நாடுகள் முழுக்கக் கலகம். மன்னர்களிடம் அரசியல் சட்டம் கேட்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள். அது தோற்றது. தோற்றவர்களும், தோற்கப்போகிறது என்று முன்பே மோப்பம் பிடித்தவர்களும், வெறுமனே பிழைப்புத் தேடியவர்களுமாக லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்கு வந்தார்கள். ஷெல் நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, அங்கிருந்து ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் சின்சினாட்டிக்கு வந்து சேர்ந்தார். இயந்திரத் தொழிலாளியாக வேலை. தெரீசா ஹெர்மான் என்ற ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார்.

சின்சினாட்டியில் ஜெர்மானியர்கள் பெரும் கூட்டமாக இருந்தார்கள். அவர்களைப் பிடிக்காதவர்களும் பெரும் கூட்டமாக இருந்தார்கள். வந்தேறிகளை வெறுப்பதையே கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சி அப்போது அமெரிக்காவில் வளர்ந்துகொண்டிருந்தது. 1855-இல் தேர்தலை ஒட்டி அந்த ஊரில் கலவரம்; ஜெர்மானியர்கள் தங்கள் பேட்டைக்குள் தடுப்பு எழுப்பிச் சண்டை போட வேண்டிவந்தது. அங்கே டர்னர் சங்கம் என்று ஒன்று இருந்தது. உடற்பயிற்சி, பாட்டு, நாடகம், படிப்பகம், அரசியல் பேச்சு எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கிற ஜெர்மன் சங்கம். அதில் முக்கியமானவரான வில்ஹெல்ம் ப்ஃபெண்டர், இனி மேற்கே போய் நமக்கென்று ஓர் ஊர் கட்டுவோம் என்றார். சிகாகோ ஜெர்மானியர்கள் 1854-இலேயே மினசோட்டா ஆற்றங்கரையில் நியூ உல்ம் என்று ஊர் ஒன்றைப் பிடித்துப்போட்டு, பணமில்லாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். சின்சினாட்டிக்காரர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். 1856-இல் ஷெல் குடும்பமும் போய்ச் சேர்ந்தது. முதலில் மாவு ஆலையில் வேலை பார்த்தார்.

நான்கு வருஷம் கழித்து பீர் ஆலை. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஷெல்லுக்கு பீர் காய்ச்சத் தெரியாது என்பது. அவர் இயந்திரக்காரர். காய்ச்சத் தெரிந்தவர் கூட்டாளி ஜேக்கப் பெர்ன்ஹார்ட். செயின்ட் பால் நகரத்தில் அதே தொழிலில் இருந்தவர். ஒருவருக்கு மெஷின் தெரியும், மற்றவருக்கு ஈஸ்ட் தெரியும். ஆலை நடத்த வேறென்ன வேண்டும்? முதல் வருஷம் 200 பீப்பாய் எடுத்தார்கள். அமெரிக்கப் பீப்பாய் ஒன்றுக்கு 117 லிட்டர். ஆக மொத்தம் 23,000 லிட்டர் சொச்சம். ஒரு வருஷத்துக்கு! எங்கள் ஆலையில் ஒற்றைத் தொட்டி இதைவிடப் பெரிது.

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள், ஆற்றங்கரையில் ஆலையை வைத்ததற்குக் காரணம் அவர்கள் காய்ச்சியது லாகர் வகை பீர் என்பதுதான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பீருக்கு மூலம் பார்லி. நம் வீட்டில் கேழ்வரகை நனைத்துத் துணியில் கட்டி முளைவிட வைத்து, காயவைத்து மாவாக்குகிறோமே, அதே வேலையைப் பார்லிக்குச் செய்தால் கிடைப்பது மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் என்சைம்கள் பிறக்கின்றன. மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் அந்த என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். அந்தத் தித்திப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்கூம்புகளைப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான் வருகின்றன. கெட்டுப்போகாமல் காப்பதும் அதுதான். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் விடுவார்கள். சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருவது ஈஸ்ட்டின் வேலை.

இங்கிலாந்துக்காரர்களின் ஏல் என்ற பீரில் வேலை செய்யும் ஈஸ்ட், அறைச் சூட்டில் கும்மாளம் போட்டு மேலே நுரைத்து வரும். சில நாட்களில் வேலை முடிந்துவிடும். ஜெர்மானியர்களின் லாகர் ஈஸ்ட் அப்படியல்ல. பத்து டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் அதற்குச் சௌகரியம். அடியில் தங்கி நிதானமாக வேலை செய்யும். அது முடிந்தபின் பீரைக் கிட்டத்தட்ட உறைநிலைக்கு இறக்கி, வாரக்கணக்கில், சில வகைகளுக்கு மாதக்கணக்கில் கிடப்பில் போட வேண்டும். அப்போதுதான் கலங்கல் தெளியும், முரட்டு வாசனைகள் அடங்கும். நான் வேலை பார்த்த இடத்தில் சித்திரை வெயிலில் தொட்டி 36 டிகிரியைத் தாண்டாமல் பிடித்து நிறுத்துவதே போராட்டம். பத்து டிகிரி என்றால் எனக்கு அது வேறு உலகம்.

1860-இல் அந்தப் பக்கம் குளிர்சாதன இயந்திரம் கிடையாது. லாகர் காய்ச்ச வேண்டுமென்றால் இயற்கையான குளிர் வேண்டும், அதைக் கோடை முழுக்கச் சேமித்துவைக்கும் வழி வேண்டும். மினசோட்டாவில் முதலாவதற்குப் பஞ்சமில்லை. தை மாதத்தில் ஆறு இறுகிப் பாறையாகிவிடும். ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, குதிரைகளைப் பூட்டி இழுத்து வந்து அடுக்குவார்கள். ஆற்றங்கரை மேடு நிலவறை தோண்ட வாகாக இருந்தது. பனிக்கட்டியை அடுக்கிய நிலவறைக்குள் பீப்பாய்களை உருட்டிவைத்தால் ஆடிமாதம் வரை குளிர் நிற்கும். நல்ல ஊற்று நீர் அங்கேயே இருந்தது. விறகுக்குக் காடும் இருந்தது. ஆலைக்கு இடம் பார்க்கத் தெரிந்த கண் அது. எனக்கு அந்த மேட்டில் நின்றபோதே ஷெல்மீது மரியாதை வந்துவிட்டது.

ஆலை தொடங்கி இரண்டாவது வருஷம் வந்த சோதனையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. சொல்லும் விதத்தில்தான் எனக்கு ஆலைக்காரர்களோடு கருத்து வேறுபாடு.

நியூ உல்ம் இருக்கும் மண் டகோட்டா மக்களுடையது. 1851-இல் இரண்டு ஒப்பந்தங்கள் வழியாக அமெரிக்க அரசு அவர்களிடமிருந்து ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலத்தை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு வருஷாவருஷம் பணமும் உணவும் தருவதாகப் பேச்சு. மினசோட்டா ஆற்றின் இரு கரையிலும் ஒரு நீளத்துண்டு நிலம் அவர்களுக்கு விடப்பட்டது. 1858-இல் அதிலும் வடகரைப் பாதி கைவிட்டுப் போனது. 1862-இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் பணம் வந்து சேரவில்லை. முந்தைய வருஷம் விளைச்சலும் பொய்த்திருந்தது. கிடங்கில் உணவு இருந்தும் கடனுக்குத் தர வியாபாரிகள் மறுத்தார்கள். பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று ஆண்ட்ரூ மைரிக் என்ற வியாபாரி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி டகோட்டா வீரர்கள் அரசின் கிடங்கு நிலையத்தைத் தாக்கினார்கள். மைரிக் செத்துக்கிடந்தபோது வாயில் புல் திணிக்கப்பட்டிருந்ததாம்.

ஆகஸ்ட் 19-ஆம் தேதியும் 23-ஆம் தேதியும் நியூ உல்ம் தாக்கப்பட்டது. ஊரின் பெரும்பகுதி எரிந்தது. எரித்ததில் ஒரு பகுதி தற்காப்புக்காக ஊர்க்காரர்களே வைத்த தீ. 25-ஆம் தேதி, சுமார் 2,000 பேர் 153 வண்டிகளில் ஊரைக் காலி செய்து மங்காட்டோவுக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே காட்டில் தனியாக நின்ற ஷெல் ஆலைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஏன்? தெரீசா ஷெல் கருணையுள்ளவர். பசியோடு வந்த டகோட்டா மக்களுக்கு எப்போதும் சாப்பாடு போட்டவர். அந்த நன்றிக்காக ஆலையை அவர்கள் தொடவில்லை. குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது இது. ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த அம்மா சோறு போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்பவர் மனதில் கருணையும் நன்றியுமாக ஒரு நல்ல சித்திரம் பதிந்து, மிச்சக் கதை உள்ளே வராமலேயே போய்விடுகிறது. சோறு போட்டார்கள் என்றால், பசியோடு ஏன் வந்தார்கள்? மிச்சக் கதை இது: ராணுவ விசாரணையில், சில நிமிஷங்களே நடந்த விசாரணைகளையும் சேர்த்து, 303 பேருக்கு மரண தண்டனை. அதிபர் லிங்கன் கோப்புகளைப் பார்த்துப் பெரும்பாலோரை விலக்கினார். 1862 டிசம்பர் 26-ஆம் தேதி மங்காட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நடந்த மிகப்பெரிய தூக்குத்தண்டனை அதுதான். அதற்கு முன், நவம்பரில், விலங்கிட்ட கைதிகளை நியூ உல்ம் வழியே கொண்டுபோனபோது, உறவினர்களைப் பறிகொடுத்திருந்த ஊர்க்காரர்கள் கல்லும் கட்டையுமாகப் பாய்ந்து அடித்தார்கள். அடுத்த வருஷம் டகோட்டா மக்களை மினசோட்டாவை விட்டே வெளியேற்றச் சட்டம் வந்தது. ஜெர்மானியர்கள் திரும்பி வந்து ஊரை மறுபடி கட்டினார்கள். ஷெல் மறுபடி பீர் காய்ச்சினார்.

அதற்கடுத்த ஐம்பது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம்; நன்றாக நடந்த காலத்தில் கதை குறைவு. பெர்ன்ஹார்ட் உடல்நலம் கெட்டு விலகினார். 1866-இல் அவர் பங்கை 12,000 டாலருக்கு ஷெல் வாங்கிக்கொண்டார். 1870களின் கடைசியில் ஷெல்லுக்கே மூட்டுவாதம். மகன்களில் ஒருவரான ஓட்டோ ஜெர்மனிக்குப் போய்த் தொழிலை முறையாகப் படித்து வந்தார். 1885-இல் ஆலையை ஒட்டியே ஒரு மாளிகை கட்டினார்கள். சுற்றிலும் தோட்டம், மான்கள், மயில்கள். மயில்களை இன்றைக்கும் பார்க்கலாம். மினசோட்டா குளிரில் மயில்! மான் ஆலையின் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஆலையின் நெடுநாளைய பீருக்கு டியர் பிராண்ட் என்றே பெயர். அதில் மக்காச்சோளம் சேர்ப்பார்கள். கலப்படம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், அது சரியல்ல. அமெரிக்காவில் விளைந்த ஆறு வரிசைப் பார்லியில் புரதம் அதிகம். அதை மட்டும் போட்டுக் காய்ச்சினால் பீர் மங்கலாகவும் கனமாகவும் வரும். கொஞ்சம் சோளத்தையோ அரிசியையோ சேர்த்துப் புரதத்தின் அளவைக் குறைத்தால் தெளிந்த, லேசான பீர் கிடைக்கும். வந்த இடத்துத் தானியத்துக்குத் தக்கபடி கைப்பக்குவத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1891-இல் ஆகஸ்ட் இறந்தார். ஓட்டோ நடத்தினார். 1911-இல் ஓட்டோ இறந்தார், தெரீசாவும் அதே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். பொறுப்பு மகள் எம்மாவின் கணவர் ஜார்ஜ் மார்ட்டியிடம் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஆலையை நடத்துகிறவர்களின் குடும்பப்பெயர் மார்ட்டி. பலகையில் மட்டும் மாமனார் பெயர்.

ஜார்ஜ் மார்ட்டிக்கு வாய்த்த காலம் மிக மோசமானது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனிமீது போர் அறிவித்தது. நியூ உல்மில் தெருவில் ஜெர்மன், பள்ளியில் ஜெர்மன், பத்திரிகையும் ஜெர்மன். பலருக்குச் சித்தப்பா மகன் எதிர்ப் படையில் இருந்தான். ஜூலை 25-ஆம் தேதி ஊரில் ஒரு பெரிய கூட்டம். சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கட்டாய ராணுவச் சேவையை மீறச் சொல்லி யாரும் பேசவில்லை. விருப்பமில்லாதவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிச் சண்டை போடவைக்காதீர்கள் என்று அரசைக் கேட்டுக்கொண்டார்கள். மினசோட்டா அரசு அமைத்திருந்த பொதுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கெனவே ஊருக்குள் ரகசிய ஏஜென்ட்டுகளை விட்டிருந்தது. மேயரும் டாக்டருமான லூயி ஃப்ரிட்ஷேயும் நகர வழக்கறிஞர் ஆல்பர்ட் ப்ஃபெண்டரும் பதவியிலிருந்து தூக்கப்பட்டார்கள். இந்த ஆல்பர்ட், ஊரை உண்டாக்கிய வில்ஹெல்ம் ப்ஃபெண்டரின் மகன். அங்கிருந்த லூத்தரன் கல்லூரியின் தலைவர் ஆக்கர்மானும் விலக வேண்டியதாயிற்று.

மதுவிலக்குக்காரர்களுக்கு இது பொன்னான நேரம். அமெரிக்க பீர் ஆலை முதலாளிகளில் பெரும்பாலோர் ஜெர்மன் வம்சாவளி. பீர் குடிப்பது ஜெர்மன் சக்கரவர்த்திக்குச் சேவகம் செய்வது என்கிற அளவுக்குப் பிரச்சாரம் போனது. பார்லியைக் காய்ச்சி வீணாக்காமல் படைக்கு ரொட்டி சுடலாமே என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. இன்னொரு காரணம் சப்தமில்லாமல் முன்பே வேலை செய்திருந்தது. 1913 வரை மத்திய அரசின் வருமானத்தில் பெரும் பங்கு மதுவரி. அந்த வருஷம் வருமானவரி வந்தது. மது இல்லாமலும் கஜானா நிறையும் என்று ஆனபிறகுதான் மதுவிலக்கு பேசக்கூடிய விஷயமாயிற்று. மதுவரியின் ருசி அரசுகளுக்கு எப்படிப்பட்டது என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1919 ஜனவரியில் அரசியல் சட்டத்தின் 18-ஆவது திருத்தம் நிறைவேறியது. எது போதைப் பானம் என்று வரையறுக்கத் தனியாக ஒரு சட்டம் வேண்டுமே. நாடாளுமன்ற நீதிக்குழுத் தலைவர் ஆண்ட்ரூ வால்ஸ்டெட் பெயரில் அது வந்தது. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அதிபர் வில்சன் கையெழுத்துப் போட மறுத்தும் அக்டோபரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிவிட்டது. வால்ஸ்டெட் எந்த ஊர்க்காரர்? மினசோட்டாவின் கிரானைட் ஃபால்ஸ். நியூ உல்முக்கு மேற்கே, அதே மினசோட்டா ஆற்றின் கரையில் இருக்கிற ஊர். பீர் ஆலைகளை மூடிய சட்டம் ஆற்றின் மேல்கரையிலிருந்து வந்தது! அவரை அரக்கனாகக் காட்டவும் முடியாது. விவசாயிகளின் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. 1922 தேர்தலில் தோற்றார்.

1920 ஜனவரி 17 முதல் மதுவிலக்கு. ஜார்ஜ் மார்ட்டி கதவைப் பூட்டவில்லை. 0.5 சதவீதத்துக்குள் அடங்கும் பீர் காய்ச்சினார். இதில் இருக்கிற வேடிக்கை எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். முதலில் வழக்கம்போல நல்ல பீர் காய்ச்ச வேண்டும். அப்புறம் ஈஸ்ட் பாடுபட்டு உண்டாக்கிய ஆல்கஹாலைச் சூடேற்றி வெளியே துரத்த வேண்டும். நாங்கள் ஆவியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கழிவாக விட்டோம். அவர்கள் ஆவியை விட்டுவிட்டு மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்தார்கள். கூடவே சோடா, குளிர்பானம், மிட்டாய். லாபம் என்று பெரிதாக இருந்திருக்காது. ஆனால் பாய்லர் எரிந்தது, குழாய்கள் துருப்பிடிக்கவில்லை, வேலை தெரிந்த ஆட்கள் வேறு ஊர் போகவில்லை. மூடிக்கிடந்த ஆலையை மறுபடி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது மூடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1916 வாக்கில் நாட்டில் சுமார் 1,300 பீர் ஆலைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மறுபடி திறக்கவே இல்லை.

1933 ஏப்ரல் 7-ஆம் தேதி முதல் 3.2 சதவீத பீர் விற்கலாம் என்றார்கள். இது எடைக்கணக்கு, இன்று பாட்டிலில் போடும் கொள்ளளவுக் கணக்கில் 4 சதவீதம். டிசம்பரில் மதுவிலக்கே ரத்தானது. ஆனால் அந்த 3.2 மினசோட்டாவில் இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே மளிகைக்கடையில் விற்கிற பீர் அதைத் தாண்டக்கூடாது. 1934-இல் ஜார்ஜ் மார்ட்டி இறந்தார். பதின்மூன்று வருஷ வறட்சியைத் தாண்டி ஆலையைக் கரைசேர்த்துவிட்டுப் போனார். ஆலையின் நிறுவனர் என்று எல்லோரும் ஆகஸ்டைக் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். என்னைக் கேட்டால் மாப்பிள்ளைக்கும் ஒரு சிலை வைக்க வேண்டும்.

பிறகு அவர் மகன் ஆல், 1969-இல் பேரன் வாரன். இந்தக் காலத்தில் சின்ன ஆலைகளைக் கொன்றது சட்டமல்ல, டெலிவிஷன். நாடு முழுக்க ஒரே விளம்பரம், ஒரே சுவை, பெரிய கம்பெனிகளின் மலிவு விலை. 1870களில் நாலாயிரத்துக்கும் மேல் இருந்த அமெரிக்க பீர் ஆலைகள் 1970களின் கடைசியில் நூறுக்கும் கீழே வந்துவிட்டன. நியூ உல்மிலேயே ஹாவென்ஸ்டைன் என்று இன்னொரு ஜெர்மன் குடும்பத்தின் ஆலை இருந்தது, 1969-இல் மூடிவிட்டது. ஷெல் தப்பியதற்கு மானரோஷம் பார்க்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பீர் டின் சேகரிப்பது ஒரு பைத்தியமாகப் பரவியபோது சேகரிப்பவர்களுக்காகவே விதவிதமாக டின் போட்டார்கள். ரூட் பீர் என்ற ஆல்கஹால் இல்லாத இனிப்புப் பானத்தைக் காய்ச்சினார்கள். அதற்கு 1919 என்றே பெயர், மதுவிலக்கை நினைத்து. தொட்டி காலியாக இருக்கிறதா, அடுத்தவர் பீரையும் கூலிக்குக் காய்ச்சிக் கொடுப்போம் என்றார்கள். 1980களில் சொந்த ஆலை இல்லாத சின்னச் சின்ன பிராண்டுகள் கிளம்பின. அதில் நாடெங்கும் பேர் வாங்கிய பீட்ஸ் விக்கெட் ஏல் கொஞ்ச காலம் இங்கேதான் காய்ச்சப்பட்டது.

1985-இல் வாரனின் மகன் டெட் மார்ட்டி பொறுப்புக்கு வந்தார். பில்ஸ்னர், கோதுமை பீர் என்று தாத்தன் காலத்து ஜெர்மன் வகைகள் திரும்பி வந்தன. 2002-இல் நடந்ததுதான் எனக்கு வியப்பு. கிரெய்ன் பெல்ட் என்பது 1893-இலிருந்து மினியாபொலிஸ் நகரத்தின் செல்ல பீர். அதைக் காய்ச்சிவந்த செயின்ட் பால் கம்பெனி திவாலானது. அந்தப் பெயரை ஷெல் குடும்பம் வாங்கியது. பெருநகரத்தின் பீர் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தது. இன்று ஆலையின் பிழைப்பில் பெரும்பகுதி அதுவே.

கடைசியாக நான் பார்த்து மயங்கியது சைப்ரஸ் மரத்தொட்டிகளை. மதுவிலக்கு முடிந்தபின் 1936-இல் வாங்கிய பெரிய பெரிய மரத்தொட்டிகள். எஃகு வந்தபின் ஓரங்கட்டப்பட்டு நிலவறையில் கிடந்தன. டெட்டின் மகன் ஜேஸ், அந்தக் கால ஓட்டோவைப் போலவே ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் படித்து வந்தவர். அங்கே புளிப்பு பீர் ஒன்று உண்டு. ஈஸ்ட்டோடு லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்வது. அந்த வகைக்கு இந்த மரத்தொட்டிகளைப் புதுப்பித்தார்கள். மரத்தின் நுண்துளைகளில் கிருமிகள் குடியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. சாதாரண பீர் ஆலைக்கு அதுவே எமன். பாக்டீரியா புகுந்து புளித்துப்போன தொட்டியைப் பார்த்து நான் தலையில் கைவைத்து உட்கார்ந்த இரவுகள் உண்டு. இவர்கள் அதையே விருந்தாளியாக வரவேற்கிறார்கள். ஆனாலும் பயம் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தொட்டிகளைப் பழைய ஆலைக்குள் வைக்கவில்லை. ஊருக்குள் வேறிடத்தில் ஸ்டார்கெல்லர் என்று தனிக் கட்டடம் போட்டு 2017-இல் திறந்தார்கள். இந்தக் கிருமி அந்தப் பக்கம் போகக்கூடாது. சரியான முடிவு. நானாக இருந்தால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரப்பர் குழாயைக்கூட வைத்திருக்க மாட்டேன்.

குடிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்ப்பதைச் செய்வேன். மினசோட்டாவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அங்கே போனால் ஒரு நாள் இதற்கு ஒதுக்குங்கள். தோட்டமும் மயில்களும் குழந்தைகளுக்கும் பிடிக்கும், ரூட் பீர் அவர்களுக்கும் கிடைக்கும். மாசி மாதக் குளிரில் போக முடிந்தால், பாக் என்ற பீர் வகையின் பெயரில் நடக்கும் பாக் திருவிழாவைப் பார்க்கலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கம்பியை பீருக்குள் முக்கிச் சர்க்கரையைக் கருகவிடுவார்கள். திரும்பும்போது நேரே மினியாபொலிஸ் வண்டியைத் திருப்பாமல், கிழக்கே அரை மணி நேரத் தூரத்திலுள்ள மங்காட்டோவுக்குப் போங்கள். ஆற்றோரப் பூங்காவில் அந்த 38 பேரின் பெயர்களும் பொறித்த நினைவிடம் 2012-இல் வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.